18 மணி நேரமாம்! யாரை ஏமாத்துறாங்க?

கடல்குதிரை:
தீவு ரிசார்ட்டில் ஐந்து நாள், மொத்தம் 9 ஸ்கூபா டைவ். கடைசி நாள் காலையிலும் ரெண்டு போட்டேன். தண்ணியை விட்டு வெளியே வந்தது 10:40. அன்னிக்கு ராத்திரி 9 மணிக்கு விமானம். வீடு வந்து சேர்ந்து வாரமாச்சு, கல்லு மாதிரி இருக்கேன். டைவ் முடிச்சு 18 மணி நேரம் கழிச்சுதான் விமானம் ஏறணும்னு சொல்றதெல்லாம் இன்னொரு ராத்திரி அறை வாடகை கறக்க ரிசார்ட்காரன் கட்டிவிட்ட கதை. படம் இணைச்சிருக்கேன், ஆமையோட.

ஆழம்30:
10:40-லிருந்து 9 மணி வரை 10 மணி 20 நிமிடம். 18-க்கு 7 மணி 40 நிமிடம் பாக்கி. நீங்க கல்லு மாதிரி இருக்கிறது அதிர்ஷ்டம், ஆதாரம் இல்லை. 18 மீட்டர் ஆழத்தில் உடம்பு மேல 2.8 பார் அழுத்தம், கடல்மட்டத்தில் அது சுமார் 1 பார்தான். அந்த அழுத்தத்தில் ரத்தத்திலும் தசையிலும் கரைஞ்ச நைட்ரஜன், நீங்க படகில் ஏறினதும் விடைபெற்றுக் கிளம்பிடாது. மணிக்கணக்கா மூச்சு வழியா கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். அதுக்குள்ள விமானத்தில் உட்கார்ந்தா, கேபின் அழுத்தம் 8000 அடி மலையில் நிக்கிற அளவுக்கு இறங்கும், சுமார் 0.75 பார். மிச்ச நைட்ரஜன் குமிழி கட்டும். மூட்டு வலி, தோல் அரிப்பு, கை கால் மரத்துப்போறது. முதுகுத்தண்டைத் தாக்கினா நடையே போயிடலாம். 340 டைவ் போட்டவன் சொல்றேன். 18.

கடல்குதிரை:
340, 340, 340. பேருக்குப் பின்னாடி பட்டமா போட்டுக்குங்க அண்ணே, தட்டச்சு மிச்சமாகும். என்கூட அதே விமானத்தில் வந்த நாலு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. அது சரி, நான் முதுகில் மாட்டியிருந்தது ஆக்ஸிஜன் சிலிண்டர். நைட்ரஜன் எங்கேருந்து வந்துச்சு?

ஆழம்30:
சாமி! 9 டைவ் போட்டுட்டு இந்தக் கேள்வியா? சிலிண்டரில் இருக்கிறது அமுக்கி அடைச்ச சாதாரணக் காற்று. ஆக்ஸிஜன் 21 சதவீதம், மீதி ஏறக்குறைய எல்லாமே நைட்ரஜன். தூய ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசிச்சா வலிப்பு வரும் அபாயம் இருக்கு. உமக்குப் பயிற்சி கொடுத்தவர் முதல் பாடத்தில் தூங்கினாரா, நீர் தூங்கினீரா?

கரையோரம்:
ஆக்ஸிஜன் விஷயம் இருக்கட்டும். எனக்குப் பயிற்சியாளர் 12 மணி நேரம் போதும்னு சொன்னார். இந்த 18 எங்கேருந்து வந்துச்சு?

ஆழம்30:
டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்னு டைவ் பாதுகாப்பு அமைப்பு, அது 2002-ல் நடத்திய பட்டறையிலிருந்து. 18.

கரையோரம்:
அதே பட்டறையில் 12-ம் இருக்கு.

ஆழம்30:
18.

பவளப்பூ:
ரெண்டு பேரும் ஒரே தாளைத்தான் படிக்கிறீங்க. டிகம்ப்ரெஷன் நிறுத்தம், அதாவது மேலே வர்ற வழியில் நைட்ரஜன் வெளியேற நின்னு காத்திருக்கிறது, தேவைப்படாத ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12. ஒரே நாளில் பல டைவ், இல்லை பல நாள் தொடர்ந்து டைவ்னா குறைஞ்சது 18. நிறுத்தம் தேவைப்பட்ட டைவ்னா 18-ஐ விட நல்லாவே அதிகம். கேள்வி "எத்தனை மணி"ங்கிறது இல்லை, "எந்த மாதிரி டைவ்"ங்கிறது.

கரையோரம்:
அதைத்தான் சொல்றேன், 12.

ஆழம்30:
9 டைவ் போட்டவருக்கு 12-ஆ? போன வருஷம் முழுமுக மாஸ்க் பத்தின திரியிலும் இப்படித்தான் பாதி படிச்சுட்டு வந்தீங்க. நான் மறக்கலை.

கரையோரம்:
அந்தத் திரியில் என்னை முட்டாள்னு சொன்னது நீங்க. நானும் மறக்கலை. எனக்கு இன்னும் மன்னிப்பு வரலை.

ஆழம்30:
வராது.

சும்மாவந்தவன்:
எனக்கு ஸ்நார்க்கல் மட்டும்தான் தெரியும். மேலேயே மிதந்துட்டு அன்னிக்கே விமானம் ஏறலாமா?

கடல்குதிரை:
தீவிலிருந்து பெரிய விமான நிலையத்துக்குக் கடல் விமானத்தில்தான் வந்தேன். அது தாழ்வாத்தான் பறக்கும். அதுக்கு என்ன சொல்றீங்க?

ஆழம்30:
அந்தப் பட்டறை சொன்னது 2000 அடியிலிருந்து 8000 அடி வரைக்கும். உங்க கடல் விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்துச்சுன்னு விமானியைக் கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க, ஜன்னல் வழியா படம் எடுத்திருப்பீங்க. அதுவும் போகட்டும், ராத்திரி 9 மணிக்கு ஏறினது என்ன, காத்தாடியா? டைவ் முடிச்சு காரில் மலை ஏறினாலும் இதே கதைதான். 18. சோடா பாட்டில் மூடியைத் திறந்தா...

கரையோரம்:
வந்துட்டாருய்யா சோடா பாட்டிலோட.

பவளப்பூ:
படத்தை இப்பத்தான் பெருசாக்கிப் பார்த்தேன். கடல்குதிரை, உங்க கை ஆமை ஓட்டைப் பிடிச்சிருக்கு. காலில் மாட்டின ஃபின் ரெண்டும் பவளத்து மேல நிக்குது. அது பாறை இல்லை, உயிர். வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்கூட வளராத இனங்கள் இருக்கு.

கடல்குதிரை:
ஆமைதாங்க வந்து உரசுச்சு.

பவளப்பூ:
உரசுச்சு, நீங்க கைப்பிடியாப் பிடிச்சுக்கிட்டீங்க. ரெண்டு பக்கமும் விரல் தெரியுது.

கடல்குதிரை:
அக்கா, திரி விமானத்தைப் பத்தி.

ஆழம்30:
திரி 18-ஐப் பத்தி. வந்த மறுநாள் களைப்பா இருந்துச்சா? தோள்பட்டை, முழங்கை வலிச்சுச்சா?

கடல்குதிரை:
பெட்டி தூக்கினதில் தோள் கொஞ்சம் வலிச்சுச்சு. அதுக்கு?

ஆழம்30:
அதுக்கு ஒண்ணுமில்லை. லேசா வந்த பாதிப்பைப் பலரும் இப்படித்தான் பெட்டி மேல பழி போட்டுட்டுப் போறாங்க. ஆக்ஸிஜன் சிலிண்டர், ஆக்ஸிஜன் சிலிண்டர்னு சொன்னீங்களே, அது உண்மையிலேயே தேவைப்படுற இடம் அதுதான். இந்த நைட்ரஜன் குமிழி நோய்க்கு முதலுதவியே தூய ஆக்ஸிஜன்.

கரையோரம்:
இப்போ தோள் வலிக்கும் வைத்தியரா? தலை வலிச்சா எத்தனை மணி நேரம், 18-ஆ?

சும்மாவந்தவன்:
ஸ்நார்க்கல்?

பவளப்பூ:
மேலேயே மிதந்தா காத்திருக்க வேண்டாம் தம்பி. அமுக்கின காற்றைச் சுவாசிக்கலையே.

ஆழம்30:
ஒண்ணே ஒண்ணு. கடல்குதிரை, படத்தில் உங்க ரெண்டு மணிக்கட்டும் காலியா இருக்கு. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கிற டைவ் கம்ப்யூட்டர் எங்கே? அது விமானம் ஏறாதேன்னு குறி காட்டுமே.

கடல்குதிரை:
அன்னிக்குக் கட்டலை. வாடகைக் கம்ப்யூட்டர், முந்தின நாளே திருப்பிக் கொடுத்துட்டேன்.

ஆழம்30:
முந்தின நாளா? அப்போ கடைசி ரெண்டு டைவ் கம்ப்யூட்டரே இல்லாமலா? இந்த 10:40-ஐ யார் குறிச்சது?

கடல்குதிரை:
படகோட்டி சொன்னார்.

ஆழம்30:
படகோட்டி சொன்னாராம்!