தீம் டெக்: கருப்பொருள் அடுக்கா, இனக்கட்டா, திணைக்கட்டா?

வணக்கம் நண்பர்களே, அட்டை விளையாட்டுல ஒரே யோசனையைச் சுத்திக் கட்டற சீட்டுக்கட்டை இங்கிலீஷ்ல தீம் டெக்னு சொல்றாங்க, அதுக்குத் தமிழ்ச்சொல் தேடறோம். வந்த யோசனை ஒண்ணு:

> தீம் டெக் = கருப்பொருள் அடுக்கு. எளிமையா இருக்கு, முடிச்சிடலாமா?

இப்பவே முடிச்சிட வேண்டாம்னு கேட்டுக்கிறேன். முதல்ல அடுக்கு. மேஜிக் த கேதரிங்ங்கற அட்டை விளையாட்டுல ஸ்டாக்னு தனியா ஒண்ணு இருக்கு, நான் போட்ட மந்திரம் உடனே பலிக்காது, அதுக்கு மேல நீங்க ஒண்ணு போடலாம், அதுக்கும் மேல நான் இன்னொண்ணு, கடைசியா போட்டதுதான் முதல்ல பலிக்கும். கணினியில ஸ்டாக்குக்கு அடுக்குன்னுதான் எழுதிட்டு வர்றோம், இங்கயும் அதே வேலை, அந்தச் சொல்லை அதுக்கே விட்டுடுவோம். டெக்குக்கு கட்டு போதும், சீட்டுக்கட்டுன்னு எல்லார் வாயிலயும் இருக்கறதுதானே. தளம்னு மட்டும் தயவுசெஞ்சு போட்டுடாதீங்க, அது கப்பல் சமாச்சாரம்.

இப்ப தீம். கருப்பொருள்னு சொன்னா புதுசா வர்றவங்க எல்லா அட்டையிலயும் டிராகன் படம் இருந்தா போதும்னு நினைச்சுப்பாங்க. அப்படிக் கட்டினா ஆடவே முடியாது, டிராகன் அட்டைங்க பெரும்பாலும் நிறைய மானா (அட்டையை இறக்கத் தேவையான சக்தி) கேக்கும், முதல் சில சுற்று கையில வச்சுக்கிட்டு அடி வாங்கிட்டே இருக்கணும். எல்ஃப்ங்கற கற்பனை இனத்தை வச்சுக் கட்டின கட்டைப் பாருங்க, லானோவர் எல்வ்ஸ்ங்கற அட்டை ஒரே ஒரு பச்சை மானாவுக்கு இறங்கி அடுத்த சுற்றுலேர்ந்து தானே மானா குடுக்கும், பின்னாடி எல்விஷ் ஆர்ச்ட்ரூயிட் வந்தா மத்த எல்ஃபுங்களுக்கெல்லாம் +1/+1 (அடிக்கற பலமும் தாங்கற பலமும் ஒவ்வொண்ணு கூடும்), அதோட நம்ம பக்கம் எத்தனை எல்ஃப் நிக்குதோ அத்தனை பச்சை மானா! ஒண்ணை ஒண்ணு தூக்கி விடுது பாருங்க, அதுதான் தீம், படம் இல்ல.

கணக்கும் இதைத்தான் சொல்லுது. 60 அட்டைக் கட்டுல ஒரே பேர்ல 4 தான் வைக்கலாம், மானா குடுக்கற அடிப்படை நில அட்டைங்களுக்கு விலக்கு உண்டு. 4 வச்சாலும் முதல்ல எடுக்கற 7 அட்டையில அது ஒண்ணாவது வர்றதுக்கு 40 சதவீதம்தான் வாய்ப்பு. அதனால பேர் வேறயா இருந்தாலும் ஒரே வேலையைச் செய்யற அட்டைங்களைத் தேடித் தேடிச் சேக்கறோம்.

> அப்ப இனக்கட்டுன்னு வைக்கலாமே?

எல்ஃப், காப்ளின், வாம்பயருக்கு ரொம்பப் பொருத்தம், அந்த வகைக்கு அப்படியே வச்சுக்கலாம். ஆனா கல்லறைக்கு (கழிச்ச அட்டைங்க போற குவியல்) போன அட்டைங்களைத் திரும்ப எழுப்பி ஜெயிக்கற கட்டு இருக்கே, அதுல இனமே கிடையாது, அங்க போக்குதான் தீம். ட்ரைபல்ங்கற அட்டை வகையைக்கூட 2023ல கின்ட்ரெட்னு மாத்திட்டாங்க, அதனால குடி, பழங்குடின்னு போறதும் வேண்டாம்.

என் பரிந்துரை திணைக்கட்டு. உயர்திணை அஃறிணைன்னு சொல்றப்ப திணைன்னா இனம், வகுப்பு. அகத்திணை புறத்திணைன்னு வர்றப்ப ஒழுக்கம், அதாவது நடந்துக்கற விதம். எல்ஃப் கட்டுக்கு முதல் பொருள், கல்லறைக் கட்டுக்கு ரெண்டாவது பொருள், ரெண்டையும் ஒரே சொல் தாங்குது, இப்படிக் கிடைக்கறது ரொம்ப அபூர்வம்.

திணைன்னா ஐந்து நிலம்தான் ஞாபகம் வரும், ஆட்டத்துலயும் அஞ்சு நிலம் இருக்கு, குழம்பாதான்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். நிலங்களை சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடுன்னு நேராவே எழுதிட்டா குழப்பம் வராது. மலையைக் குறிஞ்சி, காட்டை முல்லைன்னு மாத்த ஆசையா இருக்கும், ஆனா சதுப்புக்குப் பக்கத்துல பாலையை எப்படி வைக்கறது? அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொண்ணு, போக்கிமான் அட்டை விளையாட்டுல தீம் டெக்னா பெட்டியில ஆயத்தமா கட்டி வந்த 60 அட்டை. நாமளே யோசிச்சுக் கட்டறதும் அதுவும் ஒண்ணில்ல, அதுக்கு ஆயத்தக் கட்டுன்னு தனிப் பதிவு போடணும்.

மறுப்பு இருந்தா ஒரு வாக்கியத்துல வச்சுச் சொல்லிப் பாத்துட்டு எழுதுங்க. நான் பாத்தது இது: "அவன் காப்ளின் திணைக்கட்டு ஆடுறான், சீக்கிரமே அடிக்க வருவான், சின்ன அட்டைங்களைக் கையில வச்சுக்கோ."