பக்க மிதவையை எங்கே மாட்டினீர்கள்? பட்டவர்கள் சொல்லுங்கள்

கொளத்தூர்க்காரன்:

14 அடி ஃபைபர் படகு, நானும் மச்சானும். மேட்டூர் அணையில் வலைக்குப் போகிறவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. போன ஆடியில் நடந்தது, இன்னும் தூக்கத்தில் வருகிறது.

படகு சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் குறுக்குப் பைப்பில் நீட்டி மாட்டுகிற மிதவை, அவுட்ரிகர் என்பார்களே, அது இரண்டையும் படகின் சரி நடுவில் மாட்டியிருந்தேன். வீட்டு வாசலில் படகைச் செங்கல் மேல் ஏற்றி, டேப் பிடித்து அளந்து, நடுப்புள்ளியில் குறுக்குப் பைப். "ஏரோப்ளேன் மாதிரி இருக்குதுங்க மாமா" என்றான் மச்சான். எனக்கும் பெருமைதான்.

தண்ணீர் இறங்கினால் அணைக்குள் தெரியுமே பண்ணவாடி நந்தி, அதன் தலைகூடத் தெரியாத அளவுக்குத் தண்ணீர் நின்ற நேரம். காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆடி. நான் நடுவில் நின்றுதான் வலை இழுப்பேன், வலப்பக்கம் ஏறும். வாசலில் அளந்தபோது இது ஞாபகத்துக்கே வரவில்லை. வலை ஏறுகிற அதே இடத்தில் குறுக்குப் பைப். வலை அதில் சுற்றிக்கொண்டது. காற்று படகைத் திருப்பத் திருப்ப, வலை மிதவையைக் கீழே இழுத்தது. சாயாமல் காப்பாற்ற மாட்டியதே படகைச் சாய்க்கிறது! ஆரஞ்சு பெயிண்ட் அடித்த பைப் பச்சைத் தண்ணீருக்குள் மெல்ல மங்கிக்கொண்டே போனது. அதைத்தான் மறக்க முடியவில்லை. சத்தமே இல்லை.

மச்சான் கத்தியை எடுத்து வலையை அறுத்தான். பாதி வலையும் அதிலிருந்த கட்லா மீனும் போயின. போகட்டும். இனி எங்கே மாட்டுவது? பின்னால் தள்ளினால் சரியாகுமா?

ஏற்காட்டு மிளகு:

அண்ணா, நீங்கள் நடுவில் மாட்டினீர்கள், நான் உங்களைவிட ஒருபடி மேல். முன்னால் மாட்டினேன். என்னுடையது ஒற்றை ஆள் கயாக், எஸ்டேட் குளத்தில் தூண்டில் போட. கண்ணுக்கு எதிரே இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

துடுப்பை இடதில் போட்டால் டொக். வலதில் போட்டால் டொக். பத்தாவது வீச்சில் விரல் முட்டி குறுக்குக் கட்டையில் மோதித் தோல் உரிந்துவிட்டது. மிளகு பறிக்கிற பருவம் வேறு. வீங்கிய கையோடு ஏணியில் ஏறி நின்றபோது தோட்டத்து அக்காமார்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

இப்போது இருக்கைக்குப் பின்னால் இரண்டு சாண் தள்ளி மாட்டியிருக்கிறேன். துடுப்பு தட்டுவதில்லை, தூண்டில் வீசவும் முன்பக்கம் காலி. பின்கோடி வரைக்கும் போகாதீர்கள், அங்கே படகு ஒடுங்கிவிடும், கட்டைக்குப் பிடிப்பு இருக்காது. இன்னொன்று, சும்மா கிடைக்கிறதே என்று சில்வர் ஓக் கட்டையைப் போட்டேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இற்றுவிட்டது.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேனர்:

இரண்டு பேரும் முன்னா பின்னா என்றே பேசுகிறீர்கள். உயரத்தையும் தூரத்தையும் யார் பேசுவது?

என் கதை சின்னது. பூலாம்பட்டியில் நண்பன் படகுக்கு நான்தான் மாட்டிக்கொடுத்தேன். இரண்டு மிதவையும் எப்போதும் தண்ணீரில் அழுந்தி இருக்கிற மாதிரி. காவிரியைத் தாண்டி எதிரே இருக்கிற நெருஞ்சிப்பேட்டைக் கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய்ச் சேர்வதற்குள் எருமையைக் கட்டி இழுத்த மாதிரி ஆகிவிட்டது. பாதி ஆற்றில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான் பாருங்கள், ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆட்கள் ஏறி உட்கார்ந்து, சாமானும் ஏற்றிய பிறகு மிதவையின் அடி தண்ணீருக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். சாய்ந்தால் மட்டும் தொட வேண்டும். வாசலில் காலிப் படகுக்கு அளந்தால் கணக்கு தப்பும், ஏறினதும் படகு அமிழும் அல்லவா? 6 அங்குல பிவிசி பைப் 4 அடி நீளத்துக்கு இரண்டு முனையும் மூடி ஒட்டினால், முழுசாக முங்கும்போது சுமார் 24 கிலோ தூக்கும். அதில் பைப்பின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். அதே பைப் படகின் நடுக்கோட்டிலிருந்து 2 அடியில் இருப்பதைவிட 3 அடியில் இருந்தால் நிமிர்த்தும் பலம் ஒன்றரை மடங்கு. ஆனால் அந்த ஒன்றரை மடங்கும் போல்ட் தலையில்தான் வந்து விழும். ஃபைபர் விளிம்பில் வெறும் திருகாணி போதாது. அடியில் அலுமினியத் தகடோ தடித்த பிளைவுட்டோ கொடுத்து, ஊடுருவிப் போகிற போல்ட், அகல வாஷர், துளையைச் சுற்றி சிலிக்கான். கழற்றி மாட்டுகிற மாதிரி செருகு ஊசி வையுங்கள். அணையில் தண்ணீர் இறங்கினால் கரை எங்கேயோ போய்விடும். இறக்கையோடு படகைச் சேற்றில் இழுத்துப் பாருங்கள், தெரியும்.

கேட்காத யோசனைதான், தெரியும். எழுதிவிட்டேன்.

அஸ்தம்பட்டி:

தலைப்பைப் பார்த்துவிட்டு வேறு அவுட்ரிகர் என்று நினைத்து உள்ளே வந்தேன். கடலில் ஓட ஓடத் தூண்டிலைப் பின்னால் இழுத்துப் போகிற ட்ரோலிங் படகில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்குமே, தூண்டில் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்காமல் அகலப் பிரிக்கிற கம்பு, அது. வந்ததற்குச் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து வஞ்சிரத்துக்குப் போனோம், சேலத்துக்காரர்கள் நாலு பேர். பாதி நேரம் வாந்தி. அந்தப் படகில் கம்பின் அடிப்பீடத்தை அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், ரொம்பத் தள்ளி வைத்திருந்தார்கள். நாங்கள் நிற்பது அமரத்தில், பின்பக்கம். மீன் அடித்தால் கம்பில் இருக்கிற கிளிப்பிலிருந்து நரம்பு தானாக விடுபடும், அது சரி. மறுபடி மாட்ட? ஒவ்வொரு முறையும் படகுப் பையன் கையகல விளிம்பில் வெறுங்காலோடு முன்னால் நடந்து போனான். படகு உருளுகிறது, ஒரு கையால் கூரையைப் பிடித்திருக்கிறான், இன்னொரு கையில் நரம்பு. ஒருமுறை கால் வழுக்கி முழங்கால் வரை வெளியே தொங்கியது. அன்றைக்கு மீன் கிடைத்ததா என்பதே எனக்கு மறந்துவிட்டது. நிற்கிற இடத்திலிருந்து கை எட்டும்படி வைத்திருந்தால் அவன் ஏன் நடக்கப் போகிறான்?

தகடு விஷயத்தில் ஸ்பேனர் சொன்னதுதான் அங்கேயும். கம்பு ஆடி ஆடிப் பீடத்தைச் சுற்றி ஃபைபரில் நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருந்தது.

கோட்டையூர் பரிசல்:

தம்பிமார்களே, வட்டப் பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. எங்கே மாட்டுவது என்ற கேள்வியே வராது. முப்பது வருஷமாக ஒட்டனூர்க் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய் வருகிறேன். படகு வாங்கினீர்கள், இறக்கை வாங்கினீர்கள், நாளைக்கு வாலும் வாங்குவீர்கள். முதலில் லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள்.

ஏற்காட்டு மிளகு:

ஐயா, பரிசல் சுற்றினால் எனக்குத் தலையும் சுற்றும்.

கொளத்தூர் அண்ணா, வலை ஏறுகிற பக்கம் மிதவையே வேண்டாமே. இலங்கையில் ஒருவா என்று ஒரு படகு, அதற்கு ஒரு பக்கம் மட்டும்தான் மிதவை. இடப்பக்கம் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேனர்:

அவசரப்பட வேண்டாம். ஒருவாவின் மிதவை கனமான மரம். படகு மறுபக்கம் சாயும்போது அந்த எடைதான் தூக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. காலி பிவிசி பைப் என்ன பிடிக்கும்? வலையோடு வலப்பக்கம் குனிந்தால் பைப் காற்றில் ஜம்மென்று எழும்பும். நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள்.

கொளத்தூர்க்காரன்:

அதையும் யோசித்தேன். இடப்பக்கப் பைப்பில் பாதிக்குத் தண்ணீர் அடைத்தால்? தண்ணீரில் இருக்கும்வரை மிதக்கும், மேலே தூக்கினால் கனக்கும். உள்ளே தளும்பாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்பு ஒட்ட வேண்டியிருக்கும். குறுக்குப் பைப்பை என் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறேன், மிளகு சொன்ன இரண்டு சாண். இந்த முறை அளவெல்லாம் ஆள் ஏறின பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை கரையோரமாக, இடுப்பளவுத் தண்ணீரில், ஜாக்கெட் போட்டுக்கொண்டு, காலி வலையோடு பார்க்கப் போகிறேன்.

மச்சான் வரமாட்டானாம். கத்தியை மட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறான்.