ஜென்னே பெரிய மசூதி யார் கட்டியது?

தேவா:
மாலி நாட்டு ஜென்னே மண் மசூதியின் படத்தைப் போட்டு எழுநூறு வருடப் பழசு என்று பலர் எழுதுகிறீர்கள். இப்போது நிற்பது 1907-இல் கட்டி முடித்தது. அதுவும் பிரெஞ்சு ஆட்சியில், அவர்கள் உதவியோடு. 1890-களில் அந்த ஊரைப் பார்த்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஃபெலிக்ஸ் துபுவா 1910-இல் திரும்பிப் போனபோது, இது தன் நாட்டுக்காரர்கள் கைவரிசை என்றே நினைத்து நொந்துகொண்டார். இதைப் போய் ஆப்பிரிக்க மரபு என்கிறீர்களே?

ரபீக்:
வருடம் சரி சகோ, முடிவுதான் தப்பு. 1907 வேலையை முன்னின்று நடத்தியவர் இஸ்மாயிலா த்ராவோரே, ஜென்னே கொத்தனார் சங்கத்தின் தலைவர். அந்த ஊர்க் கொத்தனார்கள் 1930-கள் வரைக்கும் கையால் உருட்டிய, சுடாத உருளை வடிவ மண்கல்லில்தான் சுவர் எழுப்பினார்கள், செவ்வகக் கல் பிரெஞ்சு ஆட்சியில் பரவியது. வெளிச்சுவர்களில் சிலவாவது பழைய மசூதியின் சுவர் இருந்த இடத்திலேயே எழுந்தவை. அரசாங்கம் உதவி செய்தால் கட்டடம் அரசாங்கத்தின் கலையாகிவிடுமா?

மீனா:
பழைய மசூதி ஏன் விழுந்தது என்பதையும் சொல்லுங்கள். கோய் கொன்போரோ என்ற அரசர் 13ஆம் நூற்றாண்டில் கட்டியதாக மரபு. 1818 வாக்கில் செகு அமது என்ற இஸ்லாமிய மதத் தலைவர் ஊரைப் பிடித்தபின் அதைப் பாழாக விட்டு, கிழக்கே வேறொன்று கட்டிக்கொண்டார். 1828-இல் ரெனே கையே என்ற பிரெஞ்சுப் பயணி போனபோது உள்ளே தகைவிலான் குருவிகள்தான் குடியிருந்தன. பூசுவதை நிறுத்திவிட்டால் மண் சுவர் அவ்வளவுதான் தாங்கும்.

ரபீக்:
அதேதான் மீனா. சுவரில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளைப் பாருங்கள், நம் பனைக்கு உறவான ஆப்பிரிக்கப் பனை மரம் அது. அழகுக்கு மட்டும் செருகியதில்லை, பூச்சு வேலைக்கு ஏறி நிற்கும் சாரமும் அதுவேதான். ஆண்டுதோறும் சேற்றில் உமி கலந்து புளிக்கவைத்து, இளைஞர்கள் அந்தக் கட்டைகளில் ஏறி வெறுங்கையால் அப்புகிறார்கள், பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள், மூத்த கொத்தனார்கள் கீழே இருந்து மேற்பார்க்கிறார்கள். இதில் பிரெஞ்சுக்காரர் எங்கே?

தேவா:
அந்தப் பூச்சே வினையாகவும் ஆனது. வருடக்கணக்காக அடுக்கடுக்காக அப்பி சுவர் தடித்து, பின்னால் பழுது பார்த்தபோது பழைய பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. 2009 நவம்பரில் ஒரே நாளில் 75 மி.மீ. மழை கொட்டி, தெற்குக் கோபுரத்தின் மேல்பகுதி சரிந்ததே. பழக்கம் என்பதற்காக எல்லாம் சரி என்று எப்படிச் சொல்வது?

மீனா:
அப்புறம் 2006-ஐயும் நினைத்துப் பாருங்கள் தேவா. கூரையைச் சோதிக்க வெளியிலிருந்து வந்த குழு தோண்ட ஆரம்பித்ததும் ஊரில் கலவரமே வெடித்தது. ஒரு காலனி ஆட்சிச் சின்னத்துக்காக யாரும் அப்படிக் கொதிக்க மாட்டார்கள்.

தேவா:
ஊர்க்காரர்களின் உரிமையை நான் மறுக்கவே இல்லை. முன்புறம் மூன்று கோபுரங்களை அவ்வளவு சமச்சீராக வைத்த யோசனை யாருடையது என்பதுதான் என் கேள்வி. அதற்கு இன்னும் இங்கே பதில் வரவில்லை. படத்துக்குக் கீழே 1907 என்றாவது போடுங்கள்.

ரபீக்:
போடலாம். கூடவே இஸ்மாயிலா த்ராவோரே பெயரையும் போட வேண்டும்.