பரமண்டல ஜெபத்தில் அந்த ஒரு வரியை விழுங்கியவர்கள் எழுதுங்கள்

பனங்காட்டான்

ஆறு வருஷமாக நான், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை முழுசாகச் சொன்னதில்லை. ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற இடம் வந்ததும் உதடு ஒட்டிக்கொள்ளும். ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்று சபை போன பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் நிற்கும் என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

பெரிய பகையெல்லாம் இல்லை. சித்தப்பா மகன் கூட்டுறவு சங்கத்தில் 1,20,000 ரூபாய் கடன் எடுத்தான். எனக்கு அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. சம்பளச் சான்றிதழ் கொடுத்து ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். மூன்று தவணை கட்டினான், அதோடு சரி. அப்புறம் என் சம்பளத்தில் மாதம் 2,400 என்று 60 மாதம் பிடித்தார்கள். என் மகள் சென்னையில் படிக்க ஆசைப்பட்டவள், பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் பஸ் ஏறினாள். அதே வருஷம்தான் அவன் வீட்டு முன்வாசலுக்கு டைல்ஸ் போட்டான். கேட்டால், “மச்சினன் போட்டுக் குடுத்தான் அண்ணே” என்றான். பச்சை நிற டைல்ஸ். கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது, பார்க்காமல் போக முடியாது.

திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. நற்கருணைக்கு அவன் வரிசை போய்த் திரும்பிய பிறகுதான் நான் எழும்புவேன். ஆறு வருஷமும் அப்படித்தான்.

போன டிசம்பரில், கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிப் போகும் கீதப்பவனிக்கு எங்கள் சபைப் போதகர் ஐயர் என்னை உண்டியல் தூக்கச் சொல்லிவிட்டார். விடியற்காலம் நாலு மணி, பனி. பிள்ளைகள் டிரம் அடித்துக்கொண்டு முன்னால் போக, வீடு வீடாக உண்டியலை நீட்டுவது என் வேலை. அவன் வீடும் வந்தது. பச்சை டைல்ஸ் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். 500 ரூபாய்த் தாளை மடித்துப் போட்டான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் கையிலிருந்து என் கைக்குப் பணம் வந்தது, அதுவும் கோயிலுக்கு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் புரிந்துகொண்டானோ என்னவோ, தலையைக் குனிந்தான். அவன் மனைவி எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். எனக்கு மட்டும் அவனே எடுத்து நீட்டினான்.

“அண்ணே, சுடுது. விளிம்பப் பிடி.”

வாங்கிக் குடித்தேன். அடுத்த ஞாயிறு அந்த வரியையும் சொன்னேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது டைல்ஸைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. அவன் கடனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதற்குப் பெயர் மன்னிப்பா, அல்லது வயசாகி வரும் சோர்வா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். வசனம் மட்டும் போடுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், வசனம் எனக்கும் தெரியும்.

ஓய்வுபெற்ற காசாளர்

தம்பி, 34 வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். ஜாமீன் போட்டுவிட்டு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிணைப்படாதே என்று வேதத்தில் நீதிமொழிகளே எச்சரிக்கிறது. அந்த அதிகாரத்தை மட்டும் யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை.

வசனம் வேண்டாம் என்கிறீர்கள், கணக்குப் போடலாமா? மத்தேயு 18-இல் ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் வருகிறான். ராஜா அதை மன்னித்துவிட்டார். ஆனால் அவனோ, தன் உடன்வேலைக்காரன் தர வேண்டிய நூறு வெள்ளிப்பணத்தை மன்னிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஆக, அவனுக்குத் தள்ளுபடியானது 6 கோடி நாள் கூலி. ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லாமல் உழைத்தாலும் 1,64,000 வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் நூறு வெள்ளிப்பணத்தைப் பிரசங்கிமார் ‘அற்பக் காசு’ என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வருஷக் கூலி மொத்தமும் அற்பமா என்று. இயேசு வேண்டுமென்றேதான் கொஞ்சம் வலிக்கிற தொகையாகச் சொல்லியிருக்கிறார் என்பது என் எண்ணம். உங்கள் 1,44,000-மும் வலிக்கிற தொகைதான். வயிறு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும். தள்ளுபடி செய்த கணக்கை நாங்கள் முடிப்போம், ஆனால் பேரேட்டிலிருந்து கிழித்துப் போடுவதில்லை.

கடற்கரைக்காரி

அண்ணாச்சி, நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் ஜெபத்தில் கடனே வராது. ‘நாங்கள் பொறுப்பது போல’ என்று சொல்லி, ‘பொறுத்தருளும்’ என்று கேட்போம். சின்ன வயதில் எனக்கு இது மூட்டை சுமப்பது போலத்தான் கேட்கும். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறது.

2016-இல் என் தம்பியை ஒரு வேன் அடித்துப் போட்டது. டிரைவர் குடித்திருந்தான். வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. நான் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் கோர்ட் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு அம்மா, கையில் மடித்து மடித்துக் கிழிந்த காகிதம், என்னிடம் வந்து நீட்டினார்கள்.

“எந்த ரூமுன்னு பாத்துச் சொல்லு தாயி. எனக்குப் படிக்கத் தெரியாது.”

விரித்தேன். இரண்டாவது வரியில் என் தம்பி பெயர். இறந்தவர் என்று போட்டு, வயது 23.

அந்தம்மாவுக்கு நான் யாரென்று தெரியாது. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவர்களே சொன்னார்கள்: “எம்மவன் குடிச்சிட்டு வண்டிய ஓட்டிட்டான். ஒரு பையன் செத்துப்போனான். பாவம், அவுக அம்மா எப்படி இருக்காகளோ.”

எங்கள் அம்மா அப்போது ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் கஞ்சியில் இருந்தாள். அதைச் சொல்லவில்லை. “மாடிக்குப் போகணும்மா, இடது பக்கம் ரெண்டாவது கதவு” என்றேன். முட்டி வலி போல, படி ஏற முடியவில்லை. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். ஏன் பிடித்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. படி ஏற முடியாத கிழவியை யாராக இருந்தாலும் பிடிப்போம் இல்லையா, அதுதான்.

உள்ளே என்னைச் சாட்சியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை அந்த முட்டியோடு நின்றார்கள்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. என் சாட்சியும் அதற்கு ஒரு காரணம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவனை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அந்தம்மாவுக்காக மட்டும் தினம் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்கிறேன்.

எக்காளம்

எல்லாம் உருக்கமாக இருக்கிறது. ஆனால் மத்தேயு 6:15-ஐ யாரும் தொடவில்லையே? மனுஷருக்கு மன்னியாவிட்டால் பிதாவும் மன்னியார். முழு மன்னிப்பு இல்லாமல் இரட்சிப்பு இல்லை. “பொறுக்க முடியவில்லை” என்று பெருமையாக எழுதுவது ஆபத்து சகோதரி. ஏழெழுபதுதரம் மன்னி என்பது கட்டளை.

பெயர் வேண்டாம்

பெருமையாகவா எழுதியிருக்கிறார்? இன்னொரு தடவை படித்துப் பாருங்கள் பிரதர்.

இந்த ஏழெழுபதுதரம் எனக்கு நன்றாகவே தெரியும். என் கணவர் அடித்தபோதெல்லாம் நான் போய் நின்ற இடத்தில் எனக்குச் சொல்லப்பட்டது அதுதான். ஜெபம் பண்ணுங்கள், மன்னியுங்கள், திரும்பிப் போங்கள். மூன்று தடவை போனேன். நாலாவது தடவை தாடை எலும்பு விலகியது. அதன் பிறகு போகவில்லை.

மன்னிப்பதும் திரும்பிப் போவதும் ஒன்று என்று எந்த வசனத்தில் இருக்கிறது? சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த கெட்ட குமாரன் கதையில் அப்பா வீட்டில்தான் இருந்தார், மகன்தான் எழுந்து வந்தான். பன்றித் தொழுவத்தில் போய்க் குடியிருக்கச் சொல்லி அப்பாவை யாரும் அனுப்பவில்லை. யோசேப்பும் தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மாரைப் பார்த்தவுடன் கட்டிப்பிடிக்கவில்லை. வெள்ளிப் பாத்திரத்தைப் பென்யமீன் சாக்கில் போட்டு, தம்பியை விட்டுவிட்டு ஓடுகிறார்களா நிற்கிறார்களா என்று பார்த்தான். அண்ணன்களில் யூதா நின்றான். அதற்கப்புறம்தான் யோசேப்பு அவர்கள் முன்னால் வாய்விட்டு அழுதான்.

என் கணவர் போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். மெலிந்திருந்தார். சாப்பிட்டாரா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பஸ்ஸில் ஏறினேன். அவர் நாசமாகப் போகட்டும் என்ற ஜெபம் மட்டும் இப்போது என்னிடம் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. என் இரட்சிப்பைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

தாதுமண்

வாட்ஸ்அப்பில், கணவரையும் பிள்ளைகளையும் கொன்றவர்களை மன்னித்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரைப் பற்றி வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு செய்தி சுற்றும். பாதி சினிமா வசனமாக இருக்கும். நான் ஒடிசாவில் கியோஞ்சர் மாவட்டம் பார்பில் பக்கம் இரும்புத்தாது லாரிகளுக்கு நடைச் சீட்டுப் போடும் வேலையில் 12 வருஷம் இருந்தவன். அதே மாவட்டத்து மனோகர்பூரில்தான் 1999 ஜனவரி 22 இரவு, ஜீப்பில் படுத்திருந்த அவருடைய கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவர்களுடைய மகன்கள் பிலிப், திமோத்தி இருவரையும் எரித்தார்கள். பிள்ளைகளுக்கு 10 வயது, 6 வயது.

என்னோடு வேலை பார்த்த ஒடியா டிரைவர் ஒருவர், இந்து, மயூர்பஞ்ச் மாவட்டத்துக்காரர். அவருடைய மாமா பாரிபதாவில் ஸ்டெயின்ஸ் நடத்திய தொழுநோயாளர் இல்லத்தில் இருந்தவர். ஒரு நாள் டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தது. அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: “அந்தம்மா மன்னித்ததாக டிவியில் சொன்னதெல்லாம் மாமாவுக்குத் தெரியாது. இல்லத்தை மூடிவிடுவார்கள், இனி நம்மை யார் தொடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தார். மூடவில்லை. புண்ணுக்குக் கட்டுப் போட ஆள் வந்தது. அதுதான் அவருக்குத் தெரியும்.”

அந்த அம்மையார் மகள் எஸ்தரோடு அதே ஊரில் இன்னும் சில வருஷம் இருந்தார். 2005-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவும் இல்லை. முதல் குற்றவாளிக்கு 2003-இல் மரண தண்டனை, 2005-இல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கடற்கரைச் சகோதரி சாட்சி சொன்னதைக் குற்றம் போலப் பேசுகிறவர்கள் இதையும் கவனிக்கலாம்.

இந்தூர் டீச்சர்

தாதுமண் எழுதியதைப் படித்ததும் அருட்சகோதரி ராணி மரியா ஞாபகம் வந்தது. கேரளாவில் புல்லுவழியைச் சேர்ந்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்கு வரும் பஸ்ஸில் வைத்துச் சமுந்தர் சிங் என்பவர் அவரைக் குத்திக் கொன்றார். ராணி மரியாவின் சொந்தத் தங்கை செல்மி பாலும் கன்னியாஸ்திரீ. அவர் 2002-இல் சிறைக்குப் போய் அந்த ஆளைச் சகோதரனாக ஏற்று ராக்கி கட்டினார். விடுதலையான பிறகு அவர் புல்லுவழிக்கே போனபோது, பெற்ற தாய் அவர் கைகளில் முத்தமிட்டார்களாம்.

2017 நவம்பரில் இந்தூரில் ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் அறிவித்த திருப்பலிக்குப் பள்ளியிலிருந்து போயிருந்தோம். திரும்பும்போது வேனில் என் சக ஆசிரியை கேட்டாள், “உன்னால் அந்தக் கையைத் தொட முடியுமா?” முடியாது என்றேன். அவளும் முடியாது என்றாள். பேசாமல் கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

பனங்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கோர்ட்டில் எழுந்து நின்ற அந்தம்மா கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறார்கள்.

இதற்கிடையில் ஒரு புதுச் சங்கதி. சித்தப்பா மகன் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டான். அவன் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது, கல்விக் கடனுக்கு ஜாமீன் வேண்டுமாம். “அண்ணே, நீதான்…” என்று ஆரம்பித்தான். உள்ளேயிருந்து என் மனைவி பாத்திரத்தை வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஓய்வுபெற்ற காசாளர்

போடாதீர்கள்! நர்சிங்குக்கு எவ்வளவு கேட்கிறான்? 4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு மூன்றாம் ஆள் ஜாமீனே வேண்டாம். பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். மேனேஜர் மழுப்பினால் விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

பனங்காட்டான்

மூன்றரை லட்சம்தான் ஐயா. நீங்கள் சொன்னதை அப்படியே அவனிடம் சொன்னேன். நம்பவில்லை. சரி என்று இன்று காலை அவனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். அவனுக்கு ஆங்கிலப் படிவம் புரியாது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மார்க் ஷீட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான்தான் நிரப்பினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஜாமீன்தாரர் என்ற கட்டம் வந்ததும் அவன் என் முகத்தைப் பார்த்தான். குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.