ஸ்கேன் நார்மல், ஆனா தம்பி சரியில்லை

பாம்பன்காரி: தம்பி விசைப்படகுக்குப் போறவன். அஞ்சு நாள் முன்னாடி வலை இழுக்கும்போது கப்பி பின்மண்டையில அடிச்சிருச்சு. மயங்கல, ஆனா கரைக்கு வந்து "எப்ப கடலுக்குப் போனோம்?"னு மூணு தடவை கேட்டான். ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்க. வெயில்ல கண்ணு கூசுதாம், இஞ்சின் சத்தம் கேட்டா எரிஞ்சு விழுறான். நேத்து நண்டு வலை கட்ட உட்கார்ந்தவன், நூலைக் கையில வச்சுக்கிட்டு வெறிச்சுப் பார்த்துட்டே இருந்தான். பத்து வயசுல கத்துக்கிட்ட முடிச்சு! புதன்கிழமை கடலுக்குப் போவேங்கிறான். விடலாமா?

தொண்டி நர்ஸ்: விடாதீங்கம்மா. ஸ்கேன் ரத்தக்கசிவு, எலும்பு முறிவைத்தான் காட்டும். மூளை குலுங்கினதுல நரம்பு செல்கள் வேலை செய்யுற விதம் கொஞ்ச நாளைக்குத் தடுமாறும்; அது படத்துல தெரியாது. நல்லா ஓய்வு எடுக்குறது முதல் ஒண்ணு ரெண்டு நாளைக்குத்தான். இனி இருட்டறையில போட்டு வைக்காதீங்க, காலையில மெதுவா நடக்கட்டும். பெரும்பாலும் 2 வாரத்துல தெளியும், சிலருக்கு மாசக்கணக்காகும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத தூக்கம், எது வந்தாலும் உடனே 108. கண்ணு கூசுறதையும் மறதியையும் டாக்டர்கிட்ட மறுபடி காட்டிச் சொல்லுங்க.

மண்டபம் வல்லக்காரன்: தங்கச்சி, ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா ரொம்ப ஆபத்து. ஆடுற படகுல தலை சுத்துனா விழுறது தண்ணியில. எனக்கு இப்படி அடிபட்டப்போ நான் ஒரு மாசம் கரையிலேயே மீன் பிரிச்சேன்.

பாம்பன்காரி: படகு முதலாளி சம்மாட்டிகிட்ட அம்மாவே பேசிட்டாங்க. புதன்கிழமை போகலை.