தைராய்டை எடுத்த பிறகு கால்சியம் ஏறாமல் இறங்குவது ஏன்?

கேள்வி:
ரத்தத்தில் கால்சியத்தைக் குறைப்பது கால்சிடோனின், அதைச் சுரப்பது தைராய்டு. அப்படியென்றால் தைராய்டை முழுதாக அகற்றியவருக்குக் கால்சியம் ஏறத்தானே வேண்டும்? கால்சிடோனினுக்கு ஈடாக ஏன் மாத்திரை தருவதில்லை?

பதில் 1:
இறங்குவதற்குக் காரணம் பாராதைராய்டு. தைராய்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் நான்கு சின்னச் சுரப்பிகள் அவை. அறுவையில் அவற்றுக்குப் போகும் ரத்தக்குழாய் அடிபட்டாலே, அவை சுரக்கும், கால்சியத்தை ஏற்றும் பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) விழுந்துவிடும். முதல் சில நாட்களில் உதட்டைச் சுற்றியோ விரல்நுனியிலோ மதமதப்பு, கைவிரல் இழுத்துக்கொள்வது வந்தால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்திருந்தால் மொத்தக் கால்சியமும் குறைவாகத் தெரியும். புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் அயனிக் கால்சியத்தைப் பார்ப்பதே நம்பகமானது.

பதில் 2:
கால்சிடோனின் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அடக்கும். ஆனால் மனித உடலில் அன்றாடக் கட்டுப்பாடு பி.டி.எச்., வைட்டமின் டி இரண்டின் கையில்தான். அதனால் ஈடு தேவைப்படுவதில்லை.

மருந்தாக அதன் இடம் வேறு. கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறினால் சால்மன் கால்சிடோனின் ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 4 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். சுமார் 48 மணி நேரத்தில் ஏற்பிகள் பழகிப்போய் வேலை செய்யாது. எனவே கூடவே எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரானிக் அமிலமும் ஏற்றுவார்கள். அது பிடிக்க 2 முதல் 4 நாள் ஆகும்.

பதில் 3:
கால்சிடோனின் ரத்தப் பரிசோதனை முக்கியமாக கால்சிடோனின் சுரக்கும் தைராய்டு செல்களில் வரும் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய்க்கு. அறுவைக்குப் பின்னும் ஏறிக்கொண்டே போனால் நோய் மிச்சமிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளும் சிறுநீரகச் செயலிழப்பும்கூட அளவைக் கூட்டிக் காட்டும். மாதிரி அறை வெப்பத்தில் கிடந்தால் ஹார்மோன் சிதைந்து குறைவாக வரும். குளிர்நிலையிலேயே அனுப்பச் சொல்லுங்கள்.