நைனாவோட டூல்ஸ் பொட்டி துருப்புடிக்குது, எப்படி காப்பாத்தறது?

காசிமேட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். வூடு காசிமேடு, ஹார்பர்லேர்ந்து நடந்தா அஞ்சு நிமிஷம். நைனா லாஞ்ச் எஞ்சின் மெக்கானிக், முப்பது வருஷத்துக்கு மேல அதே வேலை, தவறி ரெண்டு வருஷம் ஆவுது. அவரு டூல்ஸ் மொத்தமும் ஒரு தகர டிரங்குல இருக்கு, ரிங் ஸ்பேனர், மரை வெட்டற டேப்பு டை செட்டு, சின்ன இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ், அப்புறம் யாரையும் தொடவே வுடாம வெச்சிருந்த மைக்ரோமீட்டர், அதான் முடி கனத்தக்கூட அளக்கற கருவி. எனக்கு அந்த வேலை தெரியாது, நான் கண்டெய்னர் யார்டுல கணக்கு எழுதறவன். சும்மா கெடக்குது காயலாங்கடைல போட்டுடுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, அவரு ஒவ்வொண்ணா காசு சேத்து வாங்குனத எடைக்கு போட எனக்கு மனசு வரல.

போன வருஷம் மழைக்கு முன்னாடி, எஞ்சின்லேர்ந்து எறக்குன பழைய ஆயில நல்லா கெட்டியா தடவி, நியூஸ் பேப்பர்ல சுத்தி பரண் மேல ஏத்திட்டேன். தை மாசம் எறக்கி பாத்தா பேப்பர் இரும்போட ஒட்டிக்கினு இருக்கு, பிச்சா ஸ்பேனர் மேல செம்மண் மாதிரி துரு, தொட்டா விரல்ல வருது. மைக்ரோமீட்டர் சுத்தவே இல்ல. அவ்ளோ ஆயில் போட்டும் எப்படி துருப்புடிக்கும்? பெயிண்ட் அடிச்சிடலாமா, இல்ல டபிள்யூடி-40 அடிச்சா போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லேத்து பட்டறை, திருவொற்றியூர்:
தம்பி மொதல்ல ஒண்ணு, காயலாங்கடைக்கு போட்டுடாத, மேல் துருதான், மீட்டுடலாம். நீ பண்ண தப்பு ரெண்டு. எஞ்சின்ல ஓடி முடிச்ச ஆயில்ல டீசல் எரிஞ்ச புகையோட ஆசிட் எறங்கி இருக்கும், தண்ணியும் கலந்திருக்கும், அத இரும்புக்கு பூசவே கூடாது. நியூஸ் பேப்பர் ஈரத்த உறிஞ்சி இரும்போட ஒட்ட வெச்சிருக்கும். ஆனா இது ரெண்ட விட பெரிய விஷயம் உப்பு. உங்க நைனா வேலை பாத்தது கடல் தண்ணி தெறிக்கிற எடத்துல, அந்த உப்பு ஸ்பேனர்லயே ஒட்டினு இருந்துது, அது மேலதான் நீ ஆயில் பூசியிருக்க. உப்பு ஆயில்ல கரையாது, அப்படியே கீழ உக்காந்து வேலை பாக்கும்.

அதனால மொத வேலை கழுவறது. ஆமா தண்ணிலதான், பயப்படாத. வெதுவெதுப்பான நல்ல தண்ணி, கொஞ்சம் பாத்திரம் கழுவற லிக்விட், பழைய டூத் பிரஷ். போர் தண்ணி வேணாம், நம்ம பக்கம் அதுவே உப்பு, கேன் தண்ணி எடுத்துக்கோ. கழுவுன உடனே துணியால தொடச்சு, ஹேர் டிரையர் வெச்சு ரிங்குக்குள்ள வரைக்கும் காய வெச்சு, சூடு ஆறறதுக்குள்ள தையல் மிஷின் ஆயில் மெல்லிசா தடவிடு. நடுவுல டீ குடிக்க போனாக்கூட மஞ்சள் பூத்துடும். தேங்காண்ணெய் தடவாத, நாளாவ நாளாவ கெட்டு ஆசிட் ஏறிடும். துரு இருக்கற எடத்துல ரொம்ப நைஸான ஸ்டீல் வுல்ல ஆயில் தொட்டு தேய், எமரி ஷீட் போட்டா குரோம் பூச்சு போயிடும், அது முடி அளவு கூட இருக்காது.

மைக்ரோமீட்டர் மட்டும் தண்ணில போடாத, முறுக்கவும் முறுக்காத. எங்கிட்ட எடுத்துனு வா.

யார்டு இன்ஸ்பெக்டர்:
அண்ணன் சொன்ன உப்பு மேட்டர் நூத்துக்கு நூறு சரி. நான் கப்பல் பெயிண்டிங் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன், எண்ணூர் பக்கம். ப்ரோ, பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி நாங்க மொதல்ல பாக்கறதே உப்புதான். பிளேட் மேல சின்ன பேட்ச் ஒட்டி, சிரிஞ்சுல சுத்தமான தண்ணிய உள்ள ஏத்தி எறக்கி, அந்த தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சுதுன்னு மீட்டர் வெச்சு பாப்போம். கப்பலோட பேலஸ்ட் டேங்குக்கு, அதான் கப்பல் நிலையா நிக்க கடல் தண்ணி ரொப்பற தொட்டி, சர்வதேச ரூல் படி ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல உப்பு இருக்கவே கூடாது. ஒரு சதுர மீட்டர்னா மடிக்கிற டேபிள் சைஸ், அதுல ஒரு சிட்டிகை கூட கெடையாது, அதுக்கு மேல போனா திரும்ப கழுவ சொல்லிடுவோம். காத்துல ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தாலோ, இரும்போட சூடு, காத்துல இருக்கற ஈரம் பனியா படியற சூட்ட விட 3 டிகிரியாவது அதிகமா இல்லன்னாலோ வேலைய நிறுத்திடுவோம். இவ்ளோ பாத்து எபாக்ஸி பெயிண்ட் 320 மைக்ரான் கனத்துக்கு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) ஏத்துனா பதினஞ்சு வருஷம் தாங்கணும்னு கணக்கு. உப்பு மேல அடிச்ச பெயிண்ட் கொப்புளம் கெளம்பி உரிஞ்சிடும், உங்க தெருவுல ஜன்னல் கம்பிங்கள பாருங்க, வருஷா வருஷம் சுரண்டி அதே துரு மேலயே அடிப்பாங்க.

ஸ்பேனருக்கு பெயிண்ட் வேணாம், வாய் அளவு மாறிடும். டிரங்கு பொட்டிக்கு வெளில மட்டும் சுரண்டி கழுவி, ஜிங்க் தூள் நெறைய இருக்கற ஜிங்க் ரிச் ப்ரைமர் அடிங்க. கீறல் வுழுந்தாலும் ஜிங்க் தான் கரைஞ்சு இரும்ப காப்பாத்தும்.

ராயபுரம் கெமிஸ்ட்ரி டீச்சர்:
தம்பி, ஆயில் போட்டும் ஏன் துருப்புடிச்சுதுன்னு கேட்டீங்களே, அத சொல்லணும்னுதான் டைப் பண்றேன். சாப்பாட்டு உப்பு காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் வந்தா தானா தண்ணிய இழுத்து கரையும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு, அதுக்கு 33 சதவீதமே போதும். சென்னைல அதுக்கு கீழ எறங்கற நாள் அபூர்வம், அப்போ உப்பு ஒட்டுன இரும்பு வருஷம் முழுக்க நனைஞ்சே இருக்குன்னு வெச்சுக்கோங்க.

நம்ம காரைக்குடி சிக்ரில, அதான் அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் குடுத்து 1953ல தொறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இதயே ஆராய்ச்சியா பண்ணிருக்காங்க. இரும்பு தகடுங்கள எடை போட்டு கடற்கரைல மாட்டி வெச்சு, மாசக்கணக்கா வுட்டு, துருவ எடுத்துட்டு திரும்ப எடை போட்டு எவ்ளோ கரைஞ்சுதுன்னு பாப்பாங்க. இத நீங்களே வீட்ல பண்ணலாம். ரெண்டு சாதா ஆணிய எமரி போட்டு பளபளன்னு தேச்சு, ஒண்ணு பொட்டிக்குள்ள, ஒண்ணு பரண் மேல வெளில வைங்க. பொட்டிக்குள்ள இருக்கற ஆணி மங்குனா உள்ள ஏதோ சரியில்லன்னு டூல்ஸுக்கு முன்னாடி அது சொல்லிடும்.

சுத்தறதுக்கு விசிஐ பேப்பர் வாங்குங்க, பாரிமுனைல பேக்கிங் சாமான் கடைல கேட்டு பாருங்க. அதுலேர்ந்து வர்ற ஆவி இரும்பு மேல கண்ணுக்கு தெரியாத படலமா உக்காரும், ஆனா பொட்டி இறுக்கமா மூடினாதான் ஆவி நிக்கும், அதனால மூடி ஓரத்துல ரப்பர் பீடிங் ஒட்டுங்க. கண்ணாடிக்கு போடற, புளிச்ச காடி வாசன வர்ற சிலிகான் வேணாம், அது அசிட்டிக் ஆசிட் வுடும். கூடவே ஈரத்த இழுக்கற ஆரஞ்சு கலர் சிலிக்கா ஜெல் மணி போடுங்க, பச்சையா மாறினா ஓவன்ல 120 டிகிரில காய வெச்சு திரும்ப போடலாம். டபிள்யூடி-40 தண்ணிய வெளியேத்த 1953ல கண்டுபுடிச்சது, 40னா நாப்பதாவது தடவ செஞ்ச கலவ. கழுவுனதும் ஈரத்த வெரட்ட அடிங்க, ஆனா அத நம்பி வருஷக்கணக்கா வெக்காதீங்க, படலம் ரொம்ப மெல்லிசு.

குழி வுழுந்த துருவுக்கு கடுக்காய் கஷாயம் கெட்டியா வெச்சு தடவி பாருங்க, அதுல இருக்கற டானின் துருவோட சேந்து கருப்பா இறுகிடும். மியூசியத்துல பழைய இரும்புக்கு டானிக் ஆசிட் போடறதும் இதே கணக்குதான். ராசப்ப செட்டி தெருல கடுக்காய் கெடைக்கும்.

காசிமேட்டான்:
அண்ணன், ப்ரோ, டீச்சர், மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு ஞாயித்துக்கெழமை ஆச்சு, நானும் அம்மாவும் ஒக்காந்து கழுவுனோம், நான் கழுவ கழுவ அம்மா டிரையர் புடிச்சாங்க. மொத பக்கெட் தண்ணி டீ கலர்ல போச்சு. 19 நம்பர் ரிங் ஸ்பேனர் தண்டுல துரு போனதும் சென்டர் பஞ்ச், அதான் இரும்புல புள்ளி குத்தற கூர் உளி, வெச்சு அடிச்ச மாதிரி புள்ளி புள்ளியா ஏதோ தெரிஞ்சுது, தொடச்சு பாத்தா நைனா பேரோட மொத எழுத்தும் அம்மா பேரோட மொத எழுத்தும். அம்மாவுக்கே தெரியாதாம். அதுல மட்டும் ஸ்டீல் வுல் போடல, ஆயில் தொட்டு துணியாலயே தொடச்சேன்.

விசிஐ பேப்பர் சுத்தியாச்சு, பீடிங் ஒட்டியாச்சு, ஆணி ரெண்டும் வெச்சிருக்கேன். அண்ணே, மைக்ரோமீட்டர இந்த சனிக்கெழமை கொண்டாரட்டா?

லேத்து பட்டறை, திருவொற்றியூர்:
கொண்டா தம்பி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வா. அது வரைக்கும் வெல்வெட் டப்பாலேர்ந்து வெளில எடுத்து வை, அந்த துணியும் ஈரத்த புடிச்சு வெச்சிருக்கும். வெறும் கையால தொடாத, வேர்வைலயும் உப்பு இருக்கு. சரி பண்ண பிறகு ரெண்டு முகமும் ஒட்டாம கொஞ்சம் இடைவெளி வுட்டு வெக்கணும், எப்படின்னு நேர்ல காட்டறேன். அம்மாவையும் கூட்டினு வா.